வீட்டில் பெரியவர்கள் கீழே விழாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி இருக்கும் வீடுகளுக்காக எழுதியது இது. பாத்ரூமிலும் மாடிப்படியிலும் கட்டில் ஓரத்திலும் பெரியவர்கள் விழுவதைப் பற்றிக் குடும்பத்தினர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, வீட்டிலேயே சரிசெய்யக்கூடியது எது, மருத்துவரிடம் போக வேண்டியது எது என்று சொல்ல முயன்றிருக்கிறேன்.

வயசானால் விழத்தானே செய்வார்கள்? தடுக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. வயது மட்டுமே யாரையும் கீழே தள்ளுவதில்லை. ஒருவர் விழுந்த நேரத்தைக் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தால், இரண்டு மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருப்பது தெரியும். இரவு இரண்டு மணி, அவசரமாகச் சிறுநீர் வருகிறது, தூக்க மாத்திரையின் மயக்கம் தெளியவில்லை, விளக்கு போடவில்லை, பாத்ரூம் வாசலில் ஈரம். இதில் ஏதாவது ஒன்று இல்லாமல் இருந்திருந்தாலே அவர் விழாமல் தப்பித்திருக்கலாம். அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றாக எடுத்தாலும் பலன் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். எதிர்பாராத விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஹெல்மெட்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் பாத்ரூம் தரையைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வழுக்கி விழுவதும் தடுக்கி விழுவதும் ஒன்றுதானே?

இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிது.

நடக்கும்போது முன்னால் வைக்கிற காலின் குதிகால்தான் முதலில் தரையைத் தொடுகிறது. அங்கே தண்ணீரோ சோப்போ எண்ணெயோ இருந்தால், பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் மெல்லிய படலம் போல நின்று பிடிப்பைக் கெடுத்துவிடும். கால் முன்னால் ஓடும், உடம்பு பின்னால் சாயும். வழுக்கி விழுபவர் பெரும்பாலும் மல்லாந்து விழுவார். பின்னந்தலை, முதுகு, ஊன்றிய மணிக்கட்டு ஆகியவற்றில் அடிபடும்.

தடுக்குவது வேறு. காலைத் தூக்கி முன்னே கொண்டுபோகும்போது கால் விரல் நுனி தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில்தான் போகிறது. இளைஞர்களுக்கும் அப்படித்தான். அதனால் மடங்கிய பாய் முனை, மிதியடி ஓரம், செல்போன் சார்ஜர் வயர், அறைக்கு அறை இருக்கும் சின்ன நிலைப்படி எதுவும் போதும். உடம்பு முன்னால் போய்க்கொண்டே இருக்க, கால் மட்டும் நின்றுவிடும். குப்புற விழுவார்கள், முகத்திலும் முட்டியிலும் உள்ளங்கையிலும் காயம் இருக்கும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. வழுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. "என்னன்னே தெரியல, கால் தொய்ஞ்சு போச்சு", "கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு" என்பார்கள். இதற்குக் காரணத்தைத் தரையில் தேடிப் பயனில்லை. ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, சர்க்கரை, மாத்திரை என்று உடம்புக்குள் தேட வேண்டும். இவர்களைக் கட்டாயம் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

திரும்பும்போது தள்ளாடிப் பக்கவாட்டில் விழுகிறவர்களும் இருக்கிறார்கள். கால் தசை பலவீனமும் சமநிலைக் குறைவும் அதற்குப் பெரும்பாலும் காரணம். இடுப்பு எலும்பு முறிவது அதிகமும் இப்படிப் பக்கவாட்டில் விழும்போதுதான்.

அதனால் யாராவது விழுந்தால், "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கேட்காமல், "எந்தப் பக்கம் விழுந்தீங்க, அதுக்கு முன்னாடி என்ன செஞ்சுட்டு இருந்தீங்க?" என்று கேளுங்கள்.

அம்மா விழுந்ததையே சொல்ல மாட்டேன் என்கிறார். கையில் காயத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஏன் இப்படி?

சொன்னால் திட்டு விழும். அதைவிட, கோயிலுக்குத் தனியாகப் போகாதே, மாடிக்குப் போய்த் துணி காயப்போடாதே என்று ஒவ்வொன்றாகத் தடை வரும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. விழுந்த செய்தி தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் பறிபோவது அவருடைய நடமாட்டம்தான். நடமாட்டம் குறைந்தால் தசை கரையும், அடுத்த முறை விழும் வாய்ப்பு கூடும். "நீங்க போகலாம், எங்க விழுந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க, அந்த இடத்தைச் சரி பண்ணிடறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

அடிபடாமல் விழுந்தாலும் அது கணக்கில் வர வேண்டும். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு, விழாதவரைவிட அதிகம்.

பாத்ரூமில் முதலில் எதை மாற்றுவது?

கைப்பிடி. டைல்ஸை உடைப்பதற்கு முன்பே இதைச் செய்யலாம். கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. சுவரில் ட்ரில் போட்டு, போல்ட் வைத்து முடுக்கிய உலோகக் கைப்பிடியாக இருக்க வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது. தடுமாறும் நேரத்தில் கை அதைத்தான் தேடும், அது சுவரோடு பிய்ந்து வரும். உறிஞ்சு கப் வைத்து ஒட்டும் கைப்பிடிகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்றைக்கு இறுக்கமாக இருக்கும், நாளைக்கு என்ன நிலை என்று சொல்ல முடியாது.

அடுத்தது கதவு. பல வீடுகளில் பாத்ரூம் கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒருவர் கதவை ஒட்டி விழுந்துவிட்டால் வெளியே இருப்பவர்கள் தள்ளித் திறக்க முடியாது. கதவை வெளியே திறக்கும்படி மாற்ற முடிந்தால் நல்லது. அதற்கு வழியில்லை என்றால் தாழ்ப்பாள் போடாமல் குளிக்கும் பழக்கத்தை வீட்டில் ஏற்படுத்துங்கள்; வெளியே ஒரு துண்டைத் தொங்கவிட்டால் ஆள் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

குளிக்கும்போது உட்கார நாற்காலி வேண்டும். லேசான பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், சோப்புத் தண்ணீரில் அதுவே நகரும். காலில் ரப்பர் போட்ட, முழங்கால் உயரமுள்ள கனமான ஸ்டூல் போதும். மணைப் பலகை மிகத் தாழ்வானது, எழுந்திருக்கும்போதுதான் ஆபத்து. வாளியையும் ஒரு மேடை மேல் வைத்தால் குனிந்து குனிந்து தண்ணீர் மொள்ள வேண்டியதில்லை.

இந்தியன் கழிப்பறை மட்டும் இருக்கும் வீட்டில், அதன் மேலேயே வைத்துக்கொள்ளும் கமோடு நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கிறது. அதன் கால்கள் தரையில் ஆடாமல் உட்கார்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

டைல்ஸை மாற்றியே ஆக வேண்டுமா?

புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸைப் பாத்ரூமுக்குப் போடவே போடாதீர்கள். கடையில் மேட் ஃபினிஷ் கேளுங்கள். சிறிய சைஸ் டைல்ஸில் இணைப்புக் கோடுகள் அதிகம் வருவதால் பிடிப்பும் அதிகம். தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டம் சரியாக இருக்கிறதா என்று, மேஸ்திரி கிளம்புவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

ஏற்கெனவே போட்டதை உடைக்க வசதியில்லை என்றால், அடியில் உறிஞ்சு கப் உள்ள ரப்பர் விரிப்பு போதும். வாரத்துக்கு ஒருமுறை அதைத் தூக்கி, அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்புப் படிவு சேர்ந்தால் விரிப்பே வழுக்கும். வழுக்கலை எடுக்க ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், குளோரின் வாயு கிளம்பி மூச்சுத் திணறும்.

எண்ணெய்க் குளியல் நாளில் மட்டும் தாத்தாவுக்கு ஏதாவது ஆகிறது. ஏன்?

உள்ளங்காலில் எண்ணெய், தரையில் எண்ணெய், மேலே வெந்நீர். வெந்நீர் பட்டால் தோலில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். பி.பி. மாத்திரையும் போட்டிருந்தால் இன்னும் இறங்கும். எண்ணெய்க் குளியலை விட வேண்டாம். உள்ளங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பாத்ரூமுக்கு வெளியே வைத்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்து குளிக்கும் இடத்திலேயே, கடைசியாகத் தேயுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சீயக்காய் போட்டுக் காலைக் கழுவித் துடைத்த பிறகே எழ வேண்டும், அதுவும் யாராவது கூட இருக்கும்போது. அவர் வந்த பிறகு சோப்புத்தூள் போட்டுத் தரையைத் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்துப் போகிறவர் விழுவார்.

படுத்து எழுந்தால் தலை சுற்றுகிறது. இது வெறும் பலவீனமா?

எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வீட்டில் பி.பி. கருவி இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்கச் சொல்லி அளவெடுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள், சாய்ந்தால் பிடிக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். உட்கார வைத்து மட்டும் பி.பி. பார்த்தால் இது பிடிபடாது. "நின்ற நிலையிலும் பாருங்க டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.

தண்ணீர் குறைவாகக் குடிப்பது, விரத நாள், வயிற்றுப்போக்கு, வெயில், மாத்திரை அளவு எல்லாம் இதற்குக் காரணமாகலாம். எது காரணம் என்று தெரியும்வரை ஒரு பழக்கம்: எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் சிலமுறை ஆட்டி, ஒன்றிரண்டு நிமிடம் கழித்து நிற்க வேண்டும்.

படுக்கையில் புரண்டாலே அறை சுழல்வது போல இருந்து, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால் அது உள்காது சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைச் சில நிலைகளில் திருப்பிச் செய்யும் பயிற்சியிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். வருஷக்கணக்காகத் தலைசுற்றல் மாத்திரை விழுங்க வேண்டியதில்லை.

எந்தெந்த மாத்திரைகளால் விழ வாய்ப்பு அதிகம்?

முதலில் தூக்க மாத்திரைகளைச் சொல்ல வேண்டும். பிறகு மனநோய்க்கும் மனச்சோர்வுக்கும் தரும் மருந்துகள், பி.பி. மாத்திரைகள், புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் வகை. சளி, அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகளிலும் மயக்கம் தருபவை உண்டு. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கி விழலாம்.

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, நாட்டு மருந்து, சூரணம் உட்பட, மருத்துவர் மேஜையில் கொட்டுங்கள். மூன்று டாக்டர்கள் தனித்தனியாக எழுதியதை ஒருவரும் மொத்தமாகப் பார்க்காமல் இருப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது.

இரவில் மூன்று முறை பாத்ரூம் போகிறார். என்ன செய்வது?

கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை எரியும் சின்ன இரவு விளக்கு, தலையணைக்குப் பக்கத்தில் டார்ச், கட்டிலுக்குக் கீழே கால் பட எதுவும் இல்லாத தரை. நடக்கவே சிரமப்படுகிறவருக்குப் பக்கத்தில் யூரின் கேன் வைத்துவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போடுகிறார் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கலாமா?

காலில் உணர்ச்சி நன்றாக இருந்து, தரை காய்ந்திருந்தால் நடக்கலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் நடக்கக் கூடாது. அவர்களுக்குத் தரை ஈரமா, செருப்பு கழன்றுவிட்டதா என்றே தெரியாது. அவர்கள் வீட்டுக்குள்ளும் பின்வார் வைத்த செருப்பு போட வேண்டும். அடிப்பக்கம் தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். பெரியவர்கள் தாங்களாகப் போட மாட்டார்கள், நீங்கள்தான் புதிது வாங்கித் தர வேண்டும். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு டைல்ஸில் நடப்பது எல்லோருக்குமே ஆபத்து. வேட்டி, புடவை, நைட்டி எதுவானாலும் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும்.

மாடிப்படியில் என்ன கவனிக்க வேண்டும்?

படிகளின் உயரம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று. மூன்று நான்கு படி ஏறியதும் கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்கிறது. நடுவில் ஒரு படி மட்டும் உயரம் மாறினால் கால் ஏமாந்துவிடும். தேசியக் கட்டட விதித் தொகுப்பு, குடியிருப்புகளில் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. தனி வீடுகளில் இதைப் பார்ப்பவர்கள் குறைவு.

கட்டியதை மாற்ற முடியாது, சரி. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நிறம் மாறித் தெரியும் வழுக்காத டேப் ஒட்டுங்கள். கைப்பிடி கடைசிப் படி வரைக்கும் இருக்க வேண்டும். "தரை வந்துவிட்டது" என்று நினைத்துக் கடைசிப் படியில் விழுகிறவர்கள் அதிகம். மேலேயும் கீழேயும் சுவிட்ச். படியில் செருப்பு, பூந்தொட்டி, பழைய பேப்பர் கட்டு எதுவும் வேண்டாம்.

பைஃபோகல் கண்ணாடி (மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிக்க) போட்டவர்கள் படி இறங்கும்போது கீழ்ப்பாதி வழியாகப் பார்ப்பதால் படி மங்கலாகத் தெரியும். வெளியே போக, தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம். கண்புரை இருந்தால் தள்ளிப்போடாமல் அறுவைச் சிகிச்சை செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லை.

தினமும் வாக்கிங் போகிறார். அது போதாதா?

இதயத்துக்கு நல்லது. ஆனால் விழாமல் இருக்க நடை மட்டும் போதாது. கால் தசைக்கும் சமநிலைக்கும் தனிப் பயிற்சி வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பு, உடற்பயிற்சி விழுதல்களை ஏறத்தாழ 23 சதவீதம் குறைப்பதாகக் கண்டது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சித் திட்டம் இதற்காகவே ஏற்பட்டது. பிசியோதெரபிஸ்ட்டுகள் பலருக்கும் அது தெரியும்.

முதலில் ஒரு சோதனை. கை வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் தன் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று பொருள். அவர்களைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிட்டே பயிற்சி தொடங்க வேண்டும்.

மற்றவர்கள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு செய்யலாம்: குதிகாலைத் தூக்கி நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றதை ஒட்டி வைத்து நிற்பது. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது எல்லாவற்றிலும் சிறந்தது. முட்டி இடம் கொடுக்கிறவரை தரையில் உட்கார்ந்து எழும் பழக்கத்தையும் விடாதீர்கள் என்பது என் கருத்து.

கைத்தடி கொடுத்தால் கோபப்படுகிறார்.

வற்புறுத்தாதீர்கள், வெளியூர்ப் பயணம், கோயில் கூட்டம் என்று அவருக்கே தேவை தெரியும் இடத்தில் தொடங்குங்கள். தடியின் உயரம், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு ரேகை வரை இருக்க வேண்டும். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள்.

கால்சியம், வைட்டமின் டி சாப்பிட்டால் விழாமல் இருக்கலாமா?

குறைபாடு இருந்தால் எலும்புக்கு அவசியம். குறைபாடு இல்லாதவருக்கு விழுவதை அது தடுப்பதில்லை. வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டை மருத்துவர் சொன்ன இடைவெளியில் மட்டும் எடுக்க வேண்டும். தினசரி மாத்திரை என்று நினைத்து எடுத்தால் உடம்புக்குக் கேடு. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு ஒரேயடியாக 5,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வில், மருந்து எடுத்தவர்கள் அதிகமாக விழுந்தார்கள்.

விழுந்துவிட்டார். உடனே தூக்கலாமா?

தூக்காதீர்கள். பதற்றத்தில் அக்குளில் கை கொடுத்து இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. முதலில் பேசுங்கள். தலையில் அடியா, கழுத்து வலிக்கிறதா, காலை அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், இடுப்பில் கடும் வலி இருந்தால், எலும்பு முறிந்திருக்கலாம். அப்படியே படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றவர்களிடமும் அடுத்த சில வாரங்களில் புதிய தலைவலி, குழப்பம், அதிகத் தூக்கம், நடையில் தள்ளாட்டம் தெரிந்தால் விழுந்ததைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். மூளைக்கு மேல் ரத்தம் மெதுவாகக் கசிந்து பிறகு வெளிப்படுவது உண்டு.

எங்கும் பலத்த அடி இல்லை என்றால் அவரே எழட்டும், நீங்கள் வழி சொல்லுங்கள். பக்கவாட்டில் புரண்டு, தவழும் நிலைக்கு வந்து, ஒரு கனமான நாற்காலி வரை தவழ்ந்து, இருக்கையில் இரண்டு கையையும் ஊன்றி, பலமுள்ள காலை முன்னால் வைத்து எழுந்து உட்கார வேண்டும். தனியாக வாழ்பவர்கள் இதை நன்றாக இருக்கும் நாளிலேயே பழகிவைக்கலாம். பாத்ரூமுக்குப் போகும்போதும் போன் அவர்கள் கழுத்தில் தொங்கட்டும்.

இடுப்பு எலும்பு முறிந்தால் நாட்டுக் கட்டு போடலாமா? இந்த வயதில் ஆபரேஷன் தாங்குமா?

கட்டுப் போடுகிற வைத்தியர்கள் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குத் தெரியும். ஆனால் தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தை எந்தக் கட்டாலும் அசையாமல் பிடித்துவைக்க முடியாது. மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டிவரும். படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டி எல்லாம் அப்போதுதான் வருகின்றன. பலர் எலும்பு முறிவால் அல்ல, படுக்கையால் இறந்துபோகிறார்கள். வயது அதிகம் என்பதே சீக்கிரம் அறுவைச் சிகிச்சை செய்து, சீக்கிரம் எழுந்து நடக்க வைப்பதற்கான காரணம். உடல்நிலை இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். "யோசிச்சுச் சொல்றோம்" என்று நாள் கடத்தாதீர்கள்.

யாரிடம் போய்க் காட்டுவது?

முதியோர் மருத்துவம் என்றே தனிப் பிரிவு இருக்கிறது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராசன் 1978-இல் அதற்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. வெளியூரில் இருப்பவர்கள் பொது மருத்துவரிடமே தொடங்கலாம். வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். போகும்போது எப்போது, எங்கே, எந்தப் பக்கம் விழுந்தார் என்பதையும், நின்று எடுத்த பி.பி. அளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.